நான்காவது கேள்வி

ஜூன் 2, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. பதினைந்து நாள் வேலைக்குக் "கிடைத்துவிட்டது" என்று எழுதுவது கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

கரட்டூர் தொகுதி இடைத்தேர்தலுக்காகச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்திருக்கிறது. கல்யாண மண்டபத்துப் பந்தி அறையை வாடகைக்குப் பிடித்து, இலை போடும் மேசைகளில் பதினெட்டு போன்களை வைத்திருக்கிறார்கள். சுவரில் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. எங்களை நடத்துபவன் பெயர் ஆதர்ஷ். இருபத்தெட்டு வயது இருக்கலாம். அவன் என்னைக் "கோகிலவாணி மேடம்" என்கிறான், நான் அவனை "சார்" என்கிறேன். இந்த நோட்டில் மட்டும் அவன் அவன்தான்.

பள்ளிக்கூட ஆபீசில் ஆறு வருஷம் இருந்தவள் நான். வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போன் போட்டு, "ஏனுங்க, தம்பி இன்னிக்கு ஸ்கூலுக்கு வரலீங்களே" என்று கேட்பது என் வேலை. அதைக் கேட்டதும் அம்மாக்களுக்கு ஒரு நொடி மூச்சு நிற்கும். அந்த நொடி எனக்கு மனப்பாடம். இன்டர்வியூவில் இதைச் சொன்னேன். ஆதர்ஷ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கே வாங்க" என்றான்.

வீட்டுக்காரர் லாரியோடு நாக்பூரில் இருக்கிறார். போனில் சொன்னேன்.

"யாரு கட்சிக்குப் புள்ள?"

"கட்சி இல்லீங்க. கருத்துக் கணிப்பு."

எங்களுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

பயிற்சி. போனில் சார், மேடம் என்று யாரையும் கூப்பிடக் கூடாதாம். பட்டியலில் வயது இருக்கிறது, பார்த்து அக்கா, அம்மா, அண்ணா போட வேண்டும். "உறவு சொன்னாத்தான் காது திறக்கும்" என்கிறான். சென்னைக்காரன் வந்து எங்களுக்கு முறை சொல்லிக் கொடுக்கிறான், கலி முற்றிவிட்டது.

முதல் மூன்று கேள்விக்கும் யாரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். விலைவாசி ஏறிப்போச்சுங்களா? ரோடு மோசமா இருக்குதுங்களா? பிள்ளைங்க நல்லாப் படிச்சு மேல வரணும்னு ஆசைங்களா? ஆமா, ஆமா, ஆமா. "மூணு தடவை ஆமான்னு சொன்னவங்க நாலாவதுக்கு டக்குனு கதவை மூட மாட்டாங்க" என்றான்.

நான்காவது கேள்வி தாளில் வெறுமையாக இருந்தது. அதை உங்கள் ஊர்தான் எனக்குச் சொல்ல வேண்டும் என்றான்.

இன்று தண்ணீர் விட்டார்கள். பதினோரு குடம் பிடித்தேன். மகள் தர்ஷினிக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, நோட்டுக்கு அட்டை போட்டு முடிப்பதற்குள் முதுகு போய்விட்டது.

ஜூன் 5, வியாழன்

எங்களை வேலைக்குப் பிடித்திருப்பது நூல் மில் முதலாளியின் ஆட்கள். இது இப்போது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அவருக்கு எதிராக நிற்பவர் லேப் குமரகுரு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருபது வருஷமாக ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார். மைக்கைப் பிடித்தால் வார்த்தை வராது, ஆளும் பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை.

ஆதர்ஷ் பலகையில் எழுதிக் காட்டினான். ஆண்களில் பாதிக்குப் பாதி. பெண்களில் பத்துக்கு ஏழு பேர் லேப்காரருக்கு. "ஏன்? அவர்கிட்ட அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டான். நாங்கள் பதினெட்டுப் பேரும் பெண்கள். ஒருத்தி வாய் திறக்கவில்லை. ஒருத்தி போன் வயரைச் சுருட்டினாள், ஒருத்தி நகத்தைப் பார்த்தாள்.

அவன் அந்த மௌனத்தைப் பார்த்துவிட்டான். சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

மாவு ஆட்ட வேண்டும். உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

நான்காவது கேள்வி அச்சாகி வந்துவிட்டது.

"லேப் குமரகுரு, டெஸ்டுக்கு வந்தவங்க விவரத்த வெளியாளுகளுக்குச் சொல்லியிருக்காருன்னு உங்களுக்குத் தெரிய வந்துச்சுன்னா, அவருக்கு ஓட்டுப் போடுவீங்களா?"

என் பக்கத்து மேசைக்காரி எழுந்து கேட்டாள். "சொல்லியிருக்காருங்களா சார்?"

"நாம சொல்றோமாங்க? கேக்கறோம். கேள்வி எப்படிங்க பொய்யாகும்?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். கேள்வியைக் கேட்டதும் மனதுக்குள் இரண்டு எண்ண வேண்டுமாம். ஒன்று, இரண்டு. அதற்குள் எதிராளியே மிச்சத்தை யோசித்துக்கொள்வார். இன்று அறுபத்து நான்கு பேரிடம் பேசினேன். ஐம்பது பேராவது அந்த இரண்டு எண்ணிக்கைக்குள் மூச்சை நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்து அம்மாக்களின் அதே மூச்சு.

அறையிலேயே நான்தான் அதிகம். ஆதர்ஷ் எல்லோரையும் கைதட்டச் சொன்னான்.

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து கை நிற்கவில்லை. கொசுவலை துவைத்தேன், பரணைத் துடைத்தேன், மிளகாய் காயப் போட்டேன், மேகம் வந்ததும் எடுத்தேன், வெயில் வந்ததும் திரும்பப் போட்டேன். எழுதாவிட்டால் உட்கார முடியாது போலிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

இது லாரி ஊர். வீட்டுக்கு ஒரு டிரைவர். போனால் இருபது நாள், ஒரு மாதம். வழியில் என்ன நடக்கிறது என்று எந்த வீட்டிலும் கேட்பதில்லை. கேட்காத பெண்கள் செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு "சுகர் டெஸ்ட்" என்று லேப்புக்குப் போவார்கள். சுகர் யாருக்கும் கிடையாது. அது எச்.ஐ.வி. சோதனை. குமரகுரு பெயர் கேட்க மாட்டார். "ஒரு பூப் பேரு சொல்லுங்க" என்பார். அந்தப் பூவின் பெயரைத்தான் குழாயில் எழுதுவார். மறுநாள் போய், "கனகாம்பரம் என்னாச்சுங்க?" என்று கேட்டால் போதும். முடிவைச் சொல்லிவிட்டுச் சீட்டைக் கிழித்து நம் கையிலேயே கொடுத்துவிடுவார். நோட்டு கிடையாது, பதிவு கிடையாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மேகலா அக்கா என்னைக் கூட்டிப் போனாள். வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அன்று எனக்கு இருந்த ஆத்திரத்தில் அரளி என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அரளி என்றே எழுதினார். ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அதற்குப் பிறகும் மூன்று தடவை போனேன், கடைசியாகப் போன வருஷம். வீட்டுக்காரர் தனபாலுக்குத் தெரியாது. தெரிந்தால் மனுஷன் உடைந்துபோவார்.

அன்று டீ குடிக்கும்போது ஆதர்ஷிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "பொம்பளைங்களுக்கு அங்க ஒரு ரகசியம் இருக்குங்க சார். அது வெளிய வந்துருமோன்னு ஒரு பயம் எப்பவும் இருக்கும்." அந்தப் பயம் யாருடையது என்று அவன் கேட்கவில்லை. "இதை உங்க ஊர்ப் பேச்சுல ஒரு கேள்வியா எழுதிக் குடுங்க" என்றான். எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 9, திங்கள்

பட்டியலில் பெயர் சரஸ்வதி, வயது 52. எடுத்தது ஒரு ஆண். "அவங்க கோயிலுக்குப் போயிருக்காங்க, நான் பதில் சொன்னா ஆகுங்களா?" என்றார். ஆகும், ஆண்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று கேள்விக்கும் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். நான்காவதைக் கேட்டுவிட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்துவரை போய்விட்டது.

"அப்படிச் சொல்லியிருந்தா போட மாட்டேன் அம்மிணி" என்றார். "யாரும் போடக் கூடாது. காலையில இருந்து பேசிட்டே இருப்பீங்க போல, தொண்டை கட்டியிருக்குது. சுடுதண்ணி குடிங்க."

நல்ல மனுஷன். "போட மாட்டேன்" கட்டத்தில் குறித்துக்கொண்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

சாப்பாட்டு இடைவேளையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போக வேண்டியிருந்தது. கேஸ் புத்தகம் விஷயமாக. லேப் வாசல் பெஞ்சில் இரண்டு பேர்தான். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு எட்டு, பத்துப் பேர் இருப்பார்கள். அந்த இரண்டு பேரும் நான் பார்ப்பதைப் பார்த்து முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தார்கள்.

கேஸ் ஆபீசுக்கு வழி அது இல்லை.

ஜூன் 11, புதன்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 12, வியாழன்

குமரகுரு ஆட்டோவில் மைக் கட்டிவிட்டார். "டெஸ்டுக்கு வந்தவர்களின் விவரத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை" என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகிறது.

ஆதர்ஷுக்குக் கொண்டாட்டம். "இப்ப நம்ம கேள்விய அவரே கேக்கறார். போன் போகாத வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துடும்." அப்படித்தான் ஆயிற்று. மத்தியானம் நான் கூப்பிட்ட ஒரு அம்மா, கேள்வியை முடிப்பதற்கு முன்பே, "ஆமா கண்ணு, நெருப்பில்லாமப் புகையுமா? இல்லாட்டி எதுக்கு இந்த ஆளு மைக்குப் போட்டுக் கத்தறான்?" என்றார்.

நெருப்பை வைத்தவள் காதிலேயே சொல்கிறார்.

ஜூன் 13, வெள்ளி

மேகலா அக்கா காலையில் போன் பண்ணினாள். எடப்பாடியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

"எங்க வூட்டுக்காரரு என்னைக் கேட்டாரு கோகிலா. செவ்வாக்கெழமையான்னா எங்க போறே, சுகர் இருக்கறவ எதுக்குக் காப்பிக்கு ரெண்டு கரண்டி சக்கரை போட்டுக் குடிக்கறேன்னு. நான் பதில் சொல்லல. எம்மேல சந்தேகப்பட்டயான்னு தட்டத் தூக்கி வீசுனாரு. நெத்தியில ரெண்டு தையல்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"யாரோ ஒருத்தி நம்மூருப் பேச்சுலயே கேக்கறாளாம். அக்கா, அக்கான்னு தேனொழுகப் பேசறாளாம். அவ வாய் அழுகிப் போக."

"உடம்பப் பாத்துக்குங்க்கா" என்றேன். என் குரல் எனக்கே தேனாகத்தான் கேட்டது.

வேலைக்குப் போனேன். ஐம்பத்தொன்பது பேர்.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் வேலை. இனி இரண்டு நாள்தான் என்பதால் லீவு இல்லை. காலையில் தர்ஷினியிடம், "நல்ல மார்க் வாங்கோணும்னு ஆசையிருக்குதா? டீச்சர் நல்லாச் சொல்லித் தர்றாங்களா? டெஸ்டுல எட்டு மார்க்குன்னு அப்பாவுக்குத் தெரிய வந்துச்சுன்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு நான் எண்ணினேன். எண்ணினேன் என்பதை அதற்குப் பிறகுதான் உணர்ந்தேன்.

"ஏம்மா இப்படிக் கேக்கறே? திட்டறதுன்னாத் திட்டிப்போடு" என்றாள் பிள்ளை. பதின்மூன்று வயது, அவளுக்குத் தெரிகிறது.

ஆதர்ஷிடம் போய் நான்காவது கேள்வியை எடுத்துவிடலாம் என்றேன். அவன் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"இந்த ரூம்ல நீங்கதான் பெஸ்ட், இல்லீங்களா மேடம்?"

"ஆமாங்க."

"நான் உங்களை மரியாதையாத்தானே நடத்தறேன்?"

"ஆமாங்க."

"உங்க பொண்ணு இந்த ஊர்லதானே படிக்குது?"

"ஆமாங்க."

"இந்தக் கேள்விய எழுதிக் குடுத்தது யாருன்னு ஊர்ல தெரிய வந்துச்சுன்னா, உங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

பிறகு பேசாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எண்ணுகிறான் என்று எனக்குத் தெரியும். நானும் கூடவே எண்ணினேன். என் மூச்சு நின்றது. தந்திரம் இன்னதென்று தெரிந்திருப்பதால் எந்தப் பிரயோசனமும் இல்லை. மேசைக்குத் திரும்பிப் போய்ப் போனை எடுத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

பிரசாரம் ஓய்ந்தது. போன்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டார்கள். மத்தியானம் லேப் பெஞ்சில் ஒருவரும் இல்லை. ஒரு ஆடு படுத்திருந்தது.

ஜூன் 18, புதன்

ஓட்டுப் போடுவதற்காக அவர் வந்துவிட்டார். பதினொரு மணிக்கு லாரியை ஷெட்டில் விட்டுவிட்டு, குளித்து, சாப்பிட உட்கார்ந்தார். கோழிக் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் பிசைந்துகொண்டே இருந்தார். பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"கோகிலா, வார்தா பக்கத்துல வர்றப்ப எனக்கொரு போன் வந்துச்சு. நம்ம ஊருப் புள்ளைதான். அண்ணா, அண்ணான்னு பேசுச்சு. லேப்காரரப் பத்தி."

என் அறையிலிருந்துதான் போயிருக்கும். பதினெட்டில் ஏதோ ஒரு மேசை.

"வெளியாள் சொல்லி நீ கேக்கறதுக்கு முன்னால நானே சொல்லிப்போடறேன். நான் அங்க டெஸ்டுக்குப் போயிட்டிருக்கறேன். வருசா வருசம். தர்ஷினி பொறந்த வருசம் வடக்க லோடு போனப்ப, இந்தூர் டவுனுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு தடவை புத்தி கெட்டுப் போயிட்டேன். அதுக்கப்புறம் சத்தியமா இல்ல. ஆனாப் பயம் போகல. ஆம்பளைங்களுக்கு அவரு ஊருப் பேரு வெப்பாரு. எனக்கு இந்தூருன்னே பேரு." தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "எப்பவும் ஒண்ணுமில்லைன்னுதான் வந்துச்சு."

தட்டைப் பிடுங்கி வாசலில் எறிய வேண்டும் போலிருந்தது. பதின்மூன்று வருஷம். நான் சந்தேகப்பட்டது சரி என்ற ஒரு கேவலமான திருப்தியும் வந்தது. அழுகையும் வந்தது. அழவில்லை, குழம்பை மூடி வைத்தேன்.

"அந்தாளுக்கு ஓட்டுப் போட்றாத கோகிலா. ஊரு மானத்தையே விக்கறானாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் இரண்டு பேர் கதையும் இத்தனை வருஷமாக அந்த ஒரே ஆளிடம் இருந்திருக்கிறது. நான் செவ்வாய்க்கிழமை, இவர் வேறொரு நாள். இவர் விஷயம் என் காதுக்கு வரவில்லை, என் விஷயம் இவர் காதுக்குப் போகவில்லை. குமரகுரு யாரிடமும் சொல்வதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஊரில் பாதி வீட்டில் இந்தச் சாட்சி இருக்கிறது. ஆனால் எடுத்துக் காட்ட வேண்டுமானால் முதலில் தன் ரகசியத்தை அவிழ்க்க வேண்டும். யார் அவிழ்ப்பார்கள்?

நான் அவிழ்க்கவில்லை. "மோர் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டேன்.

ஜூன் 19, வியாழன்

ஓட்டுப் போடக் கிளம்பும்போது சொல்லிவிட்டேன். அவர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு அரளின்னு பேருங்க."

"என்னது?"

"லேப்புல. ஒம்பது வருசமா. நீங்க போயிட்டிருந்ததை அவரு எங்கிட்டச் சொல்லலை. நான் போனதை உங்ககிட்டச் சொல்லியிருக்காருங்களா?"

பொத்தானிலேயே கை நின்றுவிட்டது. ஒன்பது வருஷமாக நான் அவரை நம்பவில்லை என்பது அவர் முகத்தில் மெதுவாக இறங்குவதைப் பார்த்தேன். நேற்று எனக்கு இறங்கியதும் இதே மாதிரிதான் இருந்திருக்கும்.

வாக்குச்சாவடியில் ஆண்கள் வரிசை தனி, பெண்கள் வரிசை தனி. நான் லேப்காரருக்குப் போட்டேன். அவர் யாருக்குப் போட்டார் என்று கேட்கவில்லை. கேள்வி கேட்பதே வெறுத்துவிட்டது.

அந்தக் கேள்வி என்னுடையது என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 23, திங்கள்

குமரகுரு தோற்றுவிட்டார். இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு ஓட்டு வித்தியாசம். மில்காரர் ஆட்கள் மத்தியானம் முழுக்க வெடி போட்டார்கள், தெரு நாய்கள் எல்லாம் எங்கள் படிக்கட்டுக்கு அடியில் வந்து ஒண்டின.

ஆதர்ஷ் செய்தி அனுப்பியிருக்கிறான். அடுத்து வேறொரு தொகுதி, நான் வந்தால் பயிற்சி கொடுக்கும் வேலையாம். முதல் மூன்று கேள்வி அப்படியே இருக்கட்டும், நான்காவதை மட்டும் அந்த ஊரில் தேட வேண்டுமாம்.

அழித்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

தனபாலிடம் காலையில் எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி யார் எழுதியது என்பதையும், மேகலா அக்காவின் நெற்றியையும். அவர் எழுந்து லாரி ஷெட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, "லேப்காரருகிட்டச் சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

பன்னிரண்டு மணிக்குப் போனேன். பெஞ்சு காலி. உள்ளே குமரகுரு ரத்தம் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் பேனா, எதுவும் மாறவில்லை.

"வாங்க. சுகருங்களா?"

"ஆமாங்க."

கையை நீட்டினேன். ரப்பரைக் கட்டி நரம்பைத் தட்டிப் பார்த்தார். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டேன் என்று பயம் வந்துவிட்டது.

"அந்தக் கேள்விய எழுதிக் குடுத்தது நானுங்க."

ஊசி இறங்கியது. அவர் கை கொஞ்சமும் அசையவில்லை.

"கேட்டது நீங்கன்னு தெரியும். எழுதுனதும் நீங்கதான்னு இப்பத்தான் தெரியுது" என்றார். "எங்க வூட்டுக்கும் போன் வந்துச்சே, சரசு பேருக்கு. குரல் கேட்டதுமே தெரிஞ்சுது. அரளிதானுங்களே?"

தொண்டை கட்டியிருக்கிறது, சுடுதண்ணி குடிங்க. அந்த ஆள் இவர். இவரிடமே கேட்டிருக்கிறேன், இவரே தனக்கு ஓட்டில்லை என்று சொல்லியிருக்கிறார், நானும் கட்டத்தில் குறித்திருக்கிறேன்.

"அன்னிக்கே தெரிஞ்சும் ஏனுங்க சும்மா இருந்தீங்க? டிரைவர் தனபால் பொண்டாட்டிதான் இப்படிக் கேக்கறா, அவளே இங்க வந்து போறவதான்னு மைக்குல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊரே உங்களை நம்பியிருக்குமே. செயிச்சிருப்பீங்களே."

"சொல்லியிருந்தா, நீங்க கேட்டது நெசமாயிருக்குமுங்க."

பஞ்சை வைத்து என் கையை மடக்கிவிட்டார். கோபமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. நான் அழுதேன். அவர் அதைப் பார்க்காத மாதிரி திரும்பிக் குழாயை எடுத்தார்.

"அரளியே எழுதட்டுங்களா?"

"வேண்டாங்க. கோகிலவாணின்னு எழுதுங்க."

ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு எழுதினார். முடிவு நாளைக்கு வரும் என்றார். நான் உடனே வீட்டுக்குப் போகவில்லை. முந்தானையை முகத்துக்கு இழுக்காமல் இடுப்பில் சொருகிக்கொண்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, வாசல் பெஞ்சில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள்.